நோடு எழுதியும் ப்ரோப் ஓடவில்லை

கேள்வி: லினக்ஸில் ஐ2சி (இரண்டு கம்பி பஸ்) வெப்பநிலை சென்சாருக்கு டிவைஸ் ட்ரீயில் (வன்பொருள் விவரத்தைக் கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு) நோடு எழுதியாச்சு. ரெக் (சென்சாரின் பஸ் முகவரி) மதிப்பு டேட்டாஷீட்டில் உள்ள ஹெக்ஸ் 90. டிரைவரின் ப்ரோப் (டிவைஸைத் தொடங்கிவைக்கும் ஃபங்ஷன்) கூப்பிடப்படவே இல்லை. எங்கே பார்க்கணும்?

பதில் 1: முகவரிதான் தப்பு. பல டேட்டாஷீட்கள் படிக்க, எழுதச் சொல்லும் பிட்டையும் சேர்த்து 8 பிட்டாகப் போடும். கெர்னல் கேட்பது 7 பிட். வலப்பக்கம் ஒரு பிட் நகர்த்தினால் ஹெக்ஸ் 48. உச்சவரம்பே 7எஃப் என்பதால் 90-ஐ ஐ2சி கோர் நிராகரிக்கும், டிவைஸே உருவாகாது. கெர்னல் லாகில் அந்தப் பிழை வரி இருக்கும். நோடு பெயரில் @-க்குப் பின்னாலும் 48 ஆக்குங்க.

பதில் 2: தாய் நோடான ஐ2சி கன்ட்ரோலரின் ஸ்டேட்டஸையும் பாருங்க. டிடிஎஸ்ஐ (சிப்புக்குப் பொதுவான டிவைஸ் ட்ரீ) கோப்பில் பெரும்பாலும் 'டிசேபிள்ட்' என்றே இருக்கும். போர்டு கோப்பில் 'ஓகே' ஆக்கணும். நோடில் டிவைஸின் வகையைச் சொல்லும் கம்பேட்டிபிள் சரம் டிரைவரின் மேட்ச் டேபிளோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும். பூட்லோடர் பழைய டிடிபியையே (கம்பைல் ஆன டிவைஸ் ட்ரீ) ஏற்றுதானு /ப்ராக்/டிவைஸ்-ட்ரீ காட்டிக்கொடுக்கும். பலர் கோட்டை விடுற இடம் அது!

கேட்டவர்: 48 போட்டதும் ப்ரோப் ஓடுது, ஆனா -517 திரும்புது.

பதில் 1: அது பிழையில்லை, காத்திருப்பு. நோடின் சப்ளை ப்ராபர்ட்டி சுட்டும் ரெகுலேட்டர் (மின்சாரம் தரும் பகுதி) போல ஏதோ ஒன்று இன்னும் தயாராகலை. அதன் டிரைவர் கெர்னல் கான்ஃபிகில் இருக்கானு பாருங்க. டீபக்எஃப்எஸ்ஸில் (கெர்னலின் பிழைதேடும் கோப்பமைப்பு) டிவைசஸ்_டிஃபர்ட் கோப்பில் காத்திருப்போர் பட்டியல் கிடைக்கும்.