பள்ளி ரோட் அயலவர் குழு

முனாஸ்: [பலமுறை பகிரப்பட்ட குரல் பதிவு]
சந்தியில நம்ம பொடியன்கள் ஒருத்தர அடிச்ச சண்டையப் பத்தி. ராவைக்கு லொறில ஆக்கள் வாறாங்களாம்!!

ஸித்தி ராத்தா: தம்பி, உடனே எல்லாருக்கும் அழியிற மாதிரி டிலீட் பண்ணுங்க. பேசுறது யாரு, எந்த ஊரு, என்ன தேதி, ஒண்டுமே அதுல இல்ல. பயம்தான் பரவும்.

பஸீர் சேர்: அளுத்கமயில 2014 ஜூன் 12 போயா (பௌர்ணமி) அண்டைக்குத்தான் ரோட்டுத் தகராறு. பொது பல சேனா எண்ட சிங்கள பௌத்த கடும்போக்கு அமைப்புட கூட்டம் 15ஆம் தேதி. பக்கத்து முஸ்லிம் ஊர் தர்கா டவுன் எரிஞ்சது அதுக்குப் பொறகு. திகனப் பக்கம் 2018 பெப்ரவரி 22ல சிங்கள லொறி சாரதிக்கு அடி, மார்ச் 3ல அவர் இறந்தார், அடுத்த நாளே கலவரம். ரெண்டுலயும் நடுவுல நாள் இருந்திச்சு. நாங்க சமாதானத்துக்கு ஓடித் திரிய வேண்டியது அந்த நாள்கள்லதான்.

முனாஸ்: ஓடித் திரிஞ்சு என்ன செய்ற சேர்?

பஸீர் சேர்: அடிச்ச பொடியன்கள ஒளிச்சு வெக்காம பள்ளிவாசல் நிர்வாகமே பொலிஸ்ல ஒப்படைக்கணும். அடிபட்டவர ஆஸ்பத்திரில போய்ப் பாக்கணும். பன்சலைக்கு (பௌத்த விகாரைக்கு) போய் ஹாமுதுருவோட (பிக்குவோட) நேர்ல பேசணும். வெளியூர்க்காரன் வந்து மைக் புடிக்க முந்தி இதெல்லாம் நடக்கணும்.

ரிஸ்வான்: பேஸ்புக்ல ஒருத்தன் கடையள எரிக்கச் சொல்லி எழுதியிருக்கான்

ஸித்தி ராத்தா: வெறும் ஸ்கிரீன்ஷாட் காணாது. பதிவுட லிங்க், எழுதினவன்ட பக்க லிங்க், தேதி, நேரம் எல்லாம் எடுங்க. முறைப்பாட்டுல 2007ஆம் ஆண்டு 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் (சிவில், அரசியல் உரிமைகள்) சட்டம், 3ஆம் பிரிவு எண்டு எழுதச் சொல்லுங்க, இன மத வெறுப்பத் தூண்டுறதத் தடுக்கிற பிரிவு அது. முறைப்பாட்டு இலக்கம் வாங்காம வர வேணாம். பொலிஸ் எடுக்காட்டி மனித உரிமை ஆணைக்குழுவுக்கு அடிங்க, நம்பர் 1996. நீங்க பதிலுக்கு ஒரு வரி எழுதிடாதீங்க. 2019ல ஹசலகயில உடுப்புல இருந்த கப்பல் சுக்கான் சக்கரப் படத்தத் தர்மச்சக்கரம் எண்டு சொல்லி ஒரு பொம்புளைய இதே சட்டத்துலதான் உள்ள போட்டாங்க.

நஸீர் காக்கா: ஹோட்டல்காரங்க கவனம். அம்பாறையில 2018ல சாப்பாட்டுல இருந்த மாக்கட்டியக் காட்டி "மலட்டு மாத்திரை போட்டியா" எண்டு கேட்டாங்க. சிங்களம் சரியாத் தெரியாத காசாளர் தலையாட்டினார், அத வீடியோ எடுத்துப் பரப்பினாங்க. மாவுதான் எண்டு அரச பகுப்பாய்வுல வந்தது கடையும் பள்ளிவாசலும் உடைஞ்ச பொறகு. அப்புடி யாரும் வந்தா அரைகுறைச் சிங்களத்துல "ஓவ்" (ஆம்) சொல்ல வேணாம். சாப்பாட்டக் கொட்டவும் வேணாம், அதுதான் சாட்சி. மூடி வெச்சுட்டு பிஎச்ஐக்கும் (பொது சுகாதாரப் பரிசோதகர்) பொலிஸ் 119க்கும் அடிங்க.

ரிஸ்வான்: கடைக்கு நெருப்புக் காப்புறுதி இருக்கு காக்கா

நஸீர் காக்கா: அது மட்டும் காணாது. கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதத்துக்கான கவர் தனியாச் சேத்திருக்கா பாருங்க. ஸ்டொக் புத்தகத்தப் படம் புடிச்சு வேற ஊர்ல ஒருத்தருக்கு அனுப்புங்க. சிசிடிவி பெட்டியையும் தூக்கிட்டுப் போவாங்க, பதிவ இப்பவே கொப்பி எடுங்க.

ஸித்தி ராத்தா: சிங்களம் சரளமாப் பேசுற ரெண்டு பேர் அஸர் தொழுகைக்குப் பொறகு பள்ளிக்கு வாங்க. முதல்ல பன்சல, பொறகு பொலிஸ்.

முனாஸ்: டிலீட் பண்ணிட்டேன் ராத்தா. நான் வாறேன்.