புதுப்பிப்பு: யூரியா போட்டும் நெல்லில் பச்சை நிற்காத சிக்கல் தீர்ந்தது

யூரியா போட்ட சில நாளிலேயே பயிர் மறுபடி வெளுக்கிறதே என்று போன பருவத்தில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பலன் தந்தது, தேங்கிய தண்ணீரில் தூவாதீர்கள் என்ற யோசனைதான். வயலை வடித்து, கால் வைத்தால் தடம் பதியும் சேற்றில் யூரியாவைப் போட்டு, கோனோவீடர் (கையால் தள்ளி ஓட்டும் களையெடுக்கும் உருளைக் கருவி) ஓட்டி யூரியாவை மண்ணோடு கலந்து, அப்புறம் தண்ணீர் கட்டினேன். காரணமும் இப்போது புரிகிறது. வெயில் ஏற ஏற, நீரிலுள்ள பாசியால் காரத்தன்மை கூடுகிறது. அதில் கரைந்த யூரியாவின் தழைச்சத்து (நைட்ரஜன்) அம்மோனியாவாகக் காற்றில் போய்விடுகிறது. மண்ணுக்குள் இறங்கிவிட்டால் களிமண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இலை வண்ண அட்டையைச் சொன்னவருக்குத் தனி நன்றி. எண் போட்ட பச்சை நிறப் பட்டைகளோடு இலையை ஒப்பிட்டு, தழைச்சத்து போதுமா என்று பார்க்கும் அட்டை அது. முதல் வாரம் நேர் வெயிலில் பிடித்துப் பார்த்து, வெளுப்பு என்று ஏமாந்தேன். காலை வேளையில், நம் உடம்பு நிழலில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். மேலே முழுதாக விரிந்த இலையாக, பத்துப் பயிரிலாவது பாருங்கள்.

எதிர்பாராத ஒன்று: கடைசி மேலுரத்துக்கு (வளரும் பயிருக்குப் போடும் யூரியாவுக்கு) நாள் குறித்திருந்தபோது இலை நிறம் அட்டையில் 4-க்கு மேலேயே இருந்தது. சத்து போதும் என்று உரம் போடாமல் விட்டுவிட்டேன். கதிர் நன்றாகவே பிடித்தது, பயிரும் சாயவில்லை. எந்த எண்ணுக்குக் கீழே போனால் உரம் போடுவது என்பது ரகத்தையும் நடவு முறையையும் பொறுத்து மாறும்.