பெரியகுளம் – கொடைக்கானல் டோப்போ ஷீட் (நில அமைப்பு வரைபடம்) காகிதத்தில் எங்கே வாங்கலாம்?

வராகநதி:
பெரியகுளத்தில் பத்தாம் வகுப்புக்குப் புவியியல் எடுக்கிறேன். சம உயரக்கோடு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) பாடம் வரும்போதெல்லாம் ஏதோ பெயரில்லாத குன்றின் படத்தைக் காட்டித்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே பழனி மலைத்தொடர் நிற்கிறது. அந்த மலையின் கோடுகளையே பிள்ளைகள் விரல் வைத்துப் படிக்க வேண்டும் என்று ஆசை. தாலுகா ஆபீஸில் விசாரித்தேன்; எஃப்.எம்.பி. (புல அளவைப் புத்தகம்) நகல்தான் அங்கே உண்டு என்றார்கள். வட்டக்கானலில் இருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கும் பாதைக்கு எந்த எண் ஷீட் வேண்டும்?

மலையாடு:
எஃப்.எம்.பி. மாநில நில அளவைத் துறையுடையது, அதில் புல எல்லைதான் இருக்கும். நீங்கள் கேட்பது மத்திய அரசின் சர்வே ஆஃப் இந்தியா ஷீட். சென்னையில் கிண்டி தொழிற்பேட்டையில் அவர்கள் அலுவலகம் இருக்கிறது. கிளம்பும் முன் போனில் கேட்டு, ஷீட் கையிருப்பு உண்டா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 2005 வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொதுமக்களுக்கென்று ஓப்பன் சீரிஸ், ராணுவத்துக்கென்று டிஃபென்ஸ் சீரிஸ் என இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். ஓப்பன் சீரிஸ் என்றே கேளுங்கள்.

நெடுவரை:
எண் விஷயம் நான் சொல்கிறேன். 1:50,000 ஷீட் ஒவ்வொன்றும் 15 நிமிட (கால் பாகை) அட்சம், 15 நிமிட தீர்க்கம். கொடைக்கானல் 10°14', 77°29'. அதாவது 58 எஃப்/8 என்ற எண் ஷீட்டின் வடகிழக்கு மூலையில் ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏரியில் இருந்து கொஞ்சம் வடக்கே போனால் எஃப்/7, கிழக்கே போனால் எஃப்/12. பழனி எஃப்/11-இல் வரும். உங்கள் பாதை எஃப்/8-இல் ஆரம்பித்து எஃப்/12-இல் முடியும். கும்பக்கரையும் பெரியகுளமும் எஃப்/12-இல்தான். இவை பழைய எண்கள். ஓப்பன் சீரிஸில் எண்முறை வேறு, அதனால் இவற்றைக் குறித்துக்கொண்டு போய், அவற்றுக்குரிய புது எண்ணைக் கேளுங்கள்.

பி.டி.எஃப். கிடைத்துப் பிரிண்ட் போடுவதானால், 'பக்கத்துக்கு ஏற்பச் சுருக்கு' என்பதை எடுத்துவிடச் சொல்லுங்கள். 2 செ.மீ.க்கு 1 கி.மீ. என்ற கணக்கு அதில்தான் கெடும். முழு ஷீட் அகலம் உயரம் இரண்டும் சுமார் 55 செ.மீ., ஏ4-இல் அடங்காது. ஜெராக்ஸ் கடையில் பெரிய பிளாட்டர் (பெரிய தாளில் அச்சிடும் இயந்திரம்) இருந்தால் நல்லது.

பிள்ளைகளிடம் முதலில் ஓடைகளைக் காட்டுங்கள். எப்போதும் நீர் ஓடுவது நீலம், வறண்டு கிடப்பது கறுப்பு. மலையில் நீலமாக இறங்கி வரும் கோடு சமவெளியில் எங்கே கறுக்கிறது என்று தேடவிட்டால் ஒரு வகுப்பு போதாது. கண்மாய்க் கரை ஓரம் 3r, 5r என்று சிறு எழுத்தில் இருக்கும். கரை பக்கத்து நிலத்தைவிட அத்தனை மீட்டர் உயரம் என்று பொருள். ஓரத்தில் அளவை எடுத்த ஆண்டும் போட்டிருப்பார்கள், அதை அவசியம் பாருங்கள். ரோடும் வீடும் அந்த ஆண்டு நிலைதான்.

வராகநதி:
மிக்க நன்றி. கறுப்பு ஓடை, நீல ஓடை எனக்குப் புதுச் செய்தி. எங்கள் ஊர்க் கண்மாயை அதில் பார்க்க இப்போதே கை பரபரக்கிறது. எஃப்/12-ஐ முதலில் வாங்குகிறேன், எஃப்/8 அடுத்து. சுருட்டி எடுத்துவர பி.வி.சி. குழாய் போதுமா? மடித்தால் மடிப்பில் கோடு அழிந்துவிடும் என்று பயம்.

மலையாடு:
போதும். இரண்டு பக்கமும் மூடி போட்டுக்கொள்ளுங்கள், மழைக்காலம்.