புதுப்பிப்பு: 1979 ஹோண்டா சிஎக்ஸ்500 மோட்டார் சைக்கிள், ஐடிலில் (ஆக்சிலேட்டர் கொடுக்காமல் இன்ஜின் மெதுவாக ஓடும்போது) இடது சிலிண்டர் ஓடாத பிரச்சினை தீர்ந்தது

போன மாதம் கேட்டிருந்தேன்: பத்து வருஷம் சும்மா நின்ற வண்டி, ஐடிலில் இடது சிலிண்டர் செத்துக் கிடக்கிறது, ஆக்சிலேட்டர் கொடுத்தால் இரண்டும் ஓடுகிறது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில்களை இடம் மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. ‘ஸ்லோ ஜெட்டைப் பார்’ (பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டரில், ஐடிலுக்கான பெட்ரோல் வரும் சிறு துளை) என்றவர் சொன்னதுதான் சரி. பழைய பெட்ரோல் காய்ந்து, முற்றிய வெல்லப்பாகு மாதிரி துளையை அடைத்திருந்தது. மெல்லிய செம்புக் கம்பியும் கிளீனர் ஸ்பிரேயும் போதுமாக இருந்தன.

எதிர்பாராதது, கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் இன்டேக் ரப்பரில் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. அதையும் மாற்றிவிட்டேன்.

இந்த வண்டியில் கார்புரேட்டர் ஓட்டுபவரின் முழங்காலில் இடிக்காதபடி சிலிண்டர் ஹெட்டை 22 டிகிரி திருப்பி வைத்திருக்கிறார்கள். ஓட்டுபவருக்குச் சுகம், கழற்றுபவருக்கு முதுகுவலி! கஃபே ரேசராக்க (தேவையில்லாததைக் கழித்து, பழைய ரேஸ் பைக் மாதிரி மாற்ற) வெட்டப்படாத சிஎக்ஸ் கிடைப்பது அரிது என்பதால், பழைய திருகுகளைக்கூட டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.