1210 எஸ்.இ. லாரிக்கு ஒரிஜினல் ஸ்பேர்: எங்கே தேடணும், எவ்வளவு கொடுக்கலாம்?

குலசேகரம்_தடிலோடு
வண்டி டாட்டா 1210 எஸ்.இ., 692 இன்ஜின். ஓட்டம் நிறுத்தியாச்சு, பழைய கோலத்துக்கே கொண்டுவரணும். வேண்டியது கிரவுன்-பினியன் செட் (பின் ஆக்சில்ல இருக்கிற பெரிய, சின்ன பல்சக்கர ஜோடி), பின் பிரேக்குக்கு வீல் சிலிண்டர்கள், டீசல் பம்ப் எலிமென்ட் (டீசலைத் தள்ளுற பிளஞ்சர், அது ஓடுற பேரல் சேர்ந்த ஜோடி) ஆறு, முன் கிரில். மார்த்தாண்டத்துல கேட்டா "இப்ப வராது"ங்கிறாங்க. ஆக்கர் கடையில (பழைய இரும்புக் கடை) வாய்க்கு வந்த விலை சொல்றாங்க. எந்தச் சாமானுக்கு எதுவரைக்கும் போகலாம்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வடசேரி_ஸ்பேர்ஸ்
அண்ணாச்சி, பேர் சொல்லிக் கேட்டா வராதுன்னுதான் சொல்லுவாங்க. நம்பர் கொடுங்க. டாட்டா பார்ட் நம்பர் 12 இலக்கம். அதுல 5, 6-வது இலக்கம் ரெண்டும் எந்தப் பகுதின்னு காட்டும்: 07 டீசல் பம்ப் வகை, 25 கிளட்ச், 26 கியர்பாக்ஸ், 33 முன் ஆக்சில், 35 பின் ஆக்சில், 42 பிரேக், 54 எலக்ட்ரிக்கல். டாட்டா முதல்ல பென்ஸோட கூட்டுல இருந்ததால இது பென்ஸ் முறையேதான். உங்க கிரவுன் செட்டுக்கு அந்த இடத்துல 35 இல்லாம வேற நம்பர் இருந்தா, கையில இருக்கிற சீட்டு வேற சாமானோடது. ஹவுசிங்ல புடைச்சு நிக்கிற வார்ப்பு நம்பரைப் பார்ட் நம்பர்னு நினைச்சு ஆர்டர் போட்டா தப்பான சாமான்தான் வந்து சேரும்.

அதுக்கும் முன்னால இன்ஜினை உறுதி பண்ணுங்க. 692-ன்னா 6 சிலிண்டர், 92 மி.மீ. போர் (சிலிண்டர் உள்விட்டம்), 697-ன்னா 97 மி.மீ. இத்தனை வருஷத்துல பிளாக் மாறியிருந்தா ஆச்சரியமில்லை. ஹெட் இறக்கும்போது போரை அளந்துட்டு, பிறகு பிஸ்டன், ரிங், கேஸ்கட் தேடுங்க.

பேரிங்குக்கும் ஆயில் சீலுக்கும் "ஒரிஜினல்"னு அலைய வேண்டாம். பேரிங்ல வெட்டியிருக்கிற நம்பர், சீல்ல உள்விட்டம், வெளிவிட்டம், அகலம், இவ்வளவு போதும். நல்ல கம்பெனி சரக்கு நாகர்கோவில்லயே கிடைக்கும். விற்காத பழைய ஸ்டாக் ரப்பர் சீல் டப்பாவோட கிடைச்சாலும் வாங்காதீங்க. அலமாரியில கிடந்தே விறைச்சிருக்கும், விளிம்பு வெடிச்சு மறுபடி ஒழுகும்.

கிரில், கிரவுன் செட்டுக்குச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல பழைய ஸ்டாக், புதுப்பேட்டையில கழட்டின சாமான், கோயம்புத்தூர் உக்கடம், இந்த வரிசையில கேளுங்க. டேப் வச்சு எடுத்த போட்டோ வராம பணம் போடாதீங்க. திருப்பி அனுப்பினா பார்சல் கூலி யாருதுன்னு முதல்லயே பேசிக்கிடுங்க.

தக்கலை_லெய்த்
கிரவுன் செட்: முதல்ல பல்லை எண்ணுங்க. கிரவுன் 41, பினியன் 6-ன்னா 6.83, 43-க்கு 7-ன்னா 6.14. உங்க வண்டியில எதுவோ அதுவே வேணும். மாத்தினா இழுவையும் வேகமும் மாறும், ஸ்பீடாமீட்டரும் பொய் சொல்லும். கிரவுன்லயும் பினியன்லயும் ஒரே ஜோடி நம்பர் எழுதியிருக்கணும். ரெண்டையும் சேர்த்து லேப் பண்ணித்தான் (ஒண்ணோட ஒண்ணு உரசித் தேய்ச்சு) அனுப்புவாங்க. ஜோடி மாறினது எவ்வளவு ஷிம் (மெல்லிய தகடு) வச்சாலும் ஊளையிடும். பல் முகத்துல குழிக்குழியா பிட்டிங் இருந்தா இரும்பு விலைக்குக்கூட யோசிங்க.

வீல் சிலிண்டர்: எந்த வண்டியில கழட்டினதுன்னு கேளுங்க. குளச்சல், முட்டம் பக்கம் மீன் லோடு அடிச்ச வண்டின்னா ஐஸ் உருகின உப்புத்தண்ணி அடிப்பாகம் முழுக்க வடிஞ்சிருக்கும். பிரேக் பைப், ஷேக்கிள் பின், சிலிண்டர் எல்லாம் அரிச்சுப் போயிருக்கும். மலைப்பக்கம் மரத்தடி ஏத்தின வண்டியில கழட்டினது தேவலை. போர்ல நகம் தட்டுற அளவுக்குக் குழி இருந்தா ஹோன் பண்ணி (உள்பக்கம் தேய்ச்சு) ஏமாறாதீங்க. விட்டம் கூடிப் போயி உள்ளே இருக்கிற ரப்பர் கப்பு பிடிக்காது. உங்க பழைய சிலிண்டரையே போர் பண்ணி ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் (உள்குழாய்) இறக்கி, பழைய அளவுக்கு முடிச்சா போதும். கப்பு சைஸ் ரப்பர்லயே இருக்கும். பிரேக் ஆயில்லதான் கழுவணும். டீசல் பட்டா கப்பு உப்பிப் போகும், பிரேக் பிடிச்சு விடாம நிக்கும்.

விலை: அடிமட்டம் ஆக்கர் எடை. கிலோ 40 ரூபாய்னு வச்சா 12 கிலோ ஹவுசிங் 480. கடைக்காரருக்கு அதுவே ஆக்கர் மதிப்பு. உச்சவரம்பு, அதே சாமானைப் புதுசா வாங்கவோ லெய்த்ல செஞ்சு எடுக்கவோ ஆகிற செலவு. ஸ்லீவ் போட ஆகிற காசுக்கு மேல பழைய சிலிண்டருக்கு எதுக்குக் கொடுக்கணும்? கிரவுன் செட்டை லெய்த்ல செய்ய முடியாது, அதுக்குக் கொஞ்சம் தாராளமா போகலாம்.

மார்த்தாண்டம்_பம்ப்
எலிமென்ட் வாங்குமுன் பம்ப் பிளேட்டைத் துடைச்சுப் படிங்க. "பி.இ.எஸ். 6 ஏ 90" மாதிரி இருக்கும்: 6 சிலிண்டர், ஏ சைஸ், 90-ன்னா பிளஞ்சர் 9 மி.மீ. ஆறையும் ஒரே செட்டா போடுங்க. கழட்டின எலிமென்ட்ல ஹெலிக்ஸ் (பிளஞ்சர்ல சரிவா இருக்கிற) வெட்டுப் பக்கம் மங்கலா தேய்மானத் திட்டு தெரிஞ்சா வேண்டாம், அழுத்தம் நிக்காது. பிளஞ்சரையும் பேரலையும் ஜோடி மாத்தக்கூடாது. மாட்டினதும் டெஸ்ட் பெஞ்ச்ல பேஸிங் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் போற நேரம்), காலிப்ரேஷன் (போற அளவு) ரெண்டும் சரிபார்க்கிறது கட்டாயம். அந்தக் கூலியையும் கணக்குல சேர்த்துக்கிட்டே எலிமென்டுக்கு விலை பேசுங்க.

குலசேகரம்_தடிலோடு
நன்றி அண்ணே. கிரில்லோட பென்ஸ் நட்சத்திரமும் தர்றேன்னு ஒருத்தர் சொல்றார், விலை கூட. இன்ஜின் பிளாக்கும் ஒண்ணு அவர்கிட்ட இருக்கு.

வடசேரி_ஸ்பேர்ஸ்
டாட்டா-பென்ஸ் கூட்டு 1954-ல ஆரம்பிச்சு 1969-ல முடிஞ்சது. ஆர்.சி.யில வருஷத்தைப் பாருங்க. அதுக்குப் பிந்தின வண்டின்னா நட்சத்திரம் வெறும் அலங்காரம், அதுக்குன்னு தனியா ஒரு ரூபாயும் வேண்டாம். கிரில்ல போல்ட் துவாரங்களோட இடைவெளியை அளந்து ஒப்பிடுங்க, வளைஞ்ச பட்டியை நிமித்திக்கலாம்.

பிளாக்னா நம்பர் தெளிவா இருக்கணும், கிரைண்டர் பட்ட தடம் தெரிஞ்சா கையை வைக்காதீங்க. இன்ஜின் நம்பர் போட்ட பில், விற்கிறவர் அடையாள நகல், ரெண்டும் வாங்கி, மாட்டுறதுக்கு முன்னாலயே ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுக்கிட்டு ஆர்.சி.யில ஏத்துங்க. 2025 செப்டம்பர் 22 முதல் ஸ்பேருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான். பழைய ஸ்டாக்னு சொல்லி 28 போட்டா பில்லைத் திருத்தச் சொல்லுங்க.