ரெஃப்ரி தீர்ப்புகளில் முதலில் எதைத் திருத்த வேண்டும்: கேமராவையா, பேச்சையா?

மெர்சிசைடு_மணி கேட்டது:

தூக்கம் வராத ராத்திரியில் செய்யக்கூடாத வேலை ஒன்றைச் செய்தேன். 2023 செப்டம்பர் 30 டாட்டன்ஹாம் - லிவர்பூல் மேட்சின் வி.ஏ.ஆர் (வீடியோ பார்த்து ரெஃப்ரிக்கு உதவுகிற குழு) அறை ஆடியோவை மறுபடி போட்டுக் கேட்டேன். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்கோர் 0-0, எங்கள் லிவர்பூலுக்கு ஏற்கெனவே ஒரு சிவப்பு அட்டை, 34வது நிமிடத்தில் சாலா தள்ளிக் கொடுத்த பந்தை லூயிஸ் டியாஸ் கோலாக்குகிறார், லைன்ஸ்மேன் ஆஃப்சைடு என்று கொடி தூக்கிவிட்டார். வி.ஏ.ஆர் அறையில் கோடு போட்டுப் பார்க்கிறார்கள், டியாஸ் ஆன்சைடு (விதிப்படி சரியான இடத்தில்தான் இருந்தார்). அதாவது அவர்கள் கண்டுபிடித்தது சரி! ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்திருக்கிறார்கள் என்ற நினைப்பில் "செக் கம்ப்ளீட்" என்று சொல்லி விட்டுவிட்டார்கள். ரெஃப்ரி காதில் அது "ஆஃப்சைடு சரிதான்" என்று விழுகிறது. ஃப்ரீ கிக் எடுத்து ஆட்டம் போய்விட்டது. சில வினாடிகள் கழித்து ரீப்ளே ஓட்டுகிற ஆள்தான் கவனிக்கிறார், களத்துத் தீர்ப்பு ஆஃப்சைடு ஆயிற்றே, இது உங்களுக்குச் சம்மதமா என்று கேட்கிறார். அதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டதால் விதிப்படி திரும்பப் போக முடியாது. கடைசியில் ஒன்பது பேரோடு ஆடி, 96வது நிமிடத்தில் மாட்டிப் அடித்த சொந்த கோலில் 2-1 என்று தோற்றோம்.

நான் அழுவதற்காக இதை எழுதவில்லை (கொஞ்சம் அதற்கும்தான்). என் கேள்வி இதுதான். 2010 உலகக் கோப்பையில், ப்ளூம்ஃபோன்டெய்னில் இங்கிலாந்தின் லாம்பார்டு அடித்த பந்து கோட்டைத் தாண்டி விழுந்தது உலகத்துக்கே தெரிந்தது, ரெஃப்ரிக்கு மட்டும் தெரியவில்லை. இரண்டு வருடத்தில் கோல் கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு அனுமதி வந்தது. 2018 உலகக் கோப்பையில் வி.ஏ.ஆர் வந்தது, 2022 கத்தார் உலகக் கோப்பையில் பாதித் தானியங்கி ஆஃப்சைடு வந்தது. இவ்வளவு வந்தும் சனிக்கிழமை ராத்திரி நாம் போடுகிற சண்டை குறையவே இல்லை. அப்படியானால் எதை முதலில் திருத்த வேண்டும்? இன்னும் நல்ல கேமராவா, கோச்சுக்கு அப்பீல் உரிமையா, இல்லை எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் பழையபடி விசிலை நம்புவதா?

---

டீப்_பாயிண்ட் எழுதியது:

மணி, நான் கிரிக்கெட் ஆள், கால்பந்து உலகக் கோப்பை சமயத்தில் மட்டும் எட்டிப் பார்ப்பவன், அதனால் தப்பாகச் சொன்னால் திட்டாதீர்கள். ஆனால் நீங்கள் சொன்ன கதையைப் படித்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். டி.ஆர்.எஸ் (அம்பயர் தீர்ப்பை வீடியோவில் மறுபடி பார்க்கக் கேட்பது) எடுக்கும்போது டிவி அம்பயர் முதலில் என்ன சொல்லித் தொடங்குவார் என்று நினைத்துப் பாருங்கள். "ஆன்-ஃபீல்டு டிசிஷன் நாட் அவுட்." அங்கிருந்துதான் எல்லாமே. அப்புறம் நோ பால், அப்புறம் பேட்டில் பட்டதா, அப்புறம் பால் டிராக்கிங். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்வார், வீட்டில் உட்கார்ந்திருக்கிற நமக்கும் கேட்கும். அந்த முதல் வாக்கியத்தை அன்றைக்கு ஒரே ஒருவர் சொல்லியிருந்தால் உங்கள் டியாஸ் கோல் நின்றிருக்குமே.

இன்னொன்று, அப்பீலை கேப்டன் கையிலோ கோச் கையிலோ கொடுத்துவிடலாம். கிரிக்கெட்டில் ரிவ்யூவை வீணாக்கிவிட்டுப் பின்னால் அவுட் கிடைக்காமல் போனால் அம்பயரைத் திட்ட முடியாது, நம் கேப்டனைத்தான் திட்டுவோம். அது பெரிய நிம்மதி.

---

கொடிக்காரன் எழுதியது:

கிரிக்கெட் தம்பி சொன்னதில் பாதி ஏற்கெனவே நடக்கிறது. ஃபுட்பால் வீடியோ சப்போர்ட் என்று ஃபிஃபா ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறது, 2024இல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் பயன்படுத்தினார்கள். கோச்சுக்கு ஒரு மேட்சில் இரண்டு அப்பீல், சரியாகப் போனால் அது கையிலேயே இருக்கும். தனியாக வி.ஏ.ஆர் அறை கிடையாது, ரெஃப்ரியே ஓரத்துக்கு வந்து திரையில் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். நாலைந்து கேமரா மட்டும் வைத்திருக்கிற லீக்குகளுக்கு இது தோது.

சரி, இப்போது மணியின் கேள்வி. நான் குமரிப் பக்கம் கடற்கரை ஊர்களில் பதினோரு வருடம் லைனில் ஓடியவன். பெரிய ஆள் இல்லை, ஆனால் கொடி பிடித்த கை இது.

ஆஃப்சைடு பார்ப்பது என்றால் என்ன என்று பலருக்குத் தெரியாது. பந்து காலைவிட்டுக் கிளம்புகிற நொடியில் கடைசிக்கு முந்தைய தடுப்பாட்டக்காரர் எங்கே, ஃபார்வர்டு எங்கே என்று பார்க்க வேண்டும். பந்து கிளம்பும் இடம் நாற்பது மீட்டர் அந்தப் பக்கம் இருக்கும், கோடு இந்தப் பக்கம். இரண்டையும் ஒரே சமயத்தில் பார்க்க மனிதக் கண்ணால் முடியாது. தலையைத் திருப்புகிற நேரத்தில் ஃபார்வர்டு ஒரு எட்டு வைத்துவிடுவான், நமக்கு அவன் முன்னாலேயே நின்ற மாதிரி தெரியும். அதனால் எனக்குச் சொல்லிக் கொடுத்த மூத்தவர் சொன்னது: கண்ணைக் கோட்டில் வை, காதைப் பந்தில் வை. உதைக்கிற சத்தம் கேட்டதும் கோட்டில் என்ன படம் இருக்கிறதோ அதுதான் தீர்ப்பு. நன்றாகவே வேலை செய்யும். ஒரு தடவை கோவில் திருவிழாவை ஒட்டிய ஃபைனலில் என் கோட்டுக்குப் பின்னால் நாலடி தள்ளி மேளம் வைத்துவிட்டார்கள். அன்றைக்கு என் காதும் போச்சு.

கேமராவுக்கும் அதே சிக்கல் இருந்தது, அளவுதான் சின்னது. வினாடிக்கு 50 படம் எடுக்கிற கேமரா என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் 0.02 வினாடி. வினாடிக்கு எட்டு மீட்டர் ஓடுகிறவன் அதற்குள் 16 சென்டிமீட்டர் போய்விடுவான். பந்து காலைவிட்ட தருணம் இந்த இரண்டு படத்துக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. இதை வைத்துக்கொண்டுதான் அக்குள் ஆஃப்சைடு, கட்டைவிரல் ஆஃப்சைடு என்று கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். பிரீமியர் லீக் 2021-22இல் கோட்டைத் தடிமனாக்கி, சந்தேகத்தின் பலனை ஃபார்வர்டுக்குக் கொடுத்ததே இதனால்தான். கத்தாரில் கூரைக்குக் கீழே 12 கேமரா, ஒவ்வொரு ஆட்டக்காரர் உடம்பிலும் 29 புள்ளிகள், பந்துக்குள் வினாடிக்கு 500 தடவை செய்தி அனுப்பும் சென்சார். உதைத்த நொடியைப் பந்தே சொல்லிவிடுகிறது. என் காது செய்த வேலைதான், மேளத்துக்குப் பயப்படாத காது.

ஆக ஆஃப்சைடைப் பொறுத்தவரை கேமரா உண்மையாகவே உதவியிருக்கிறது. அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ஹேண்ட்பாலுக்கு எந்தச் சென்சார் வைப்பீர்கள்? 2018 உலகக் கோப்பை ஃபைனலில் குரோஷியாவின் பெரிசிச் கையில் பந்து பட்டது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ரெஃப்ரி திரைக்குப் போய்ப் பார்த்து, திரும்பி வந்து, மறுபடி போய்ப் பார்த்துத்தான் பெனால்டி கொடுத்தார். அது தப்பு என்று சொல்கிற பழைய ரெஃப்ரிகளும் இருக்கிறார்கள், சரி என்பவர்களும் இருக்கிறார்கள். மெதுவாக ஓட்டினால் எல்லாக் கையும் வேண்டுமென்றே நீட்டின கை மாதிரித்தான் தெரியும்.

---

ஓநாய்_கூட்டம் எழுதியது:

இதெல்லாம் தேவையே இல்லை. 2024 ஜூனில் எங்கள் வுல்வ்ஸ் கிளப் பிரீமியர் லீக்கில் வி.ஏ.ஆரை எடுத்துவிடலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தது. எதிர்த்து 19 ஓட்டு, ஆதரித்து 1. அந்த ஒன்று நாங்கள்தான். கோல் அடித்தால் கத்தலாமா வேண்டாமா என்று மூன்று நிமிஷம் நின்று யோசிக்கிற விளையாட்டு ஒரு விளையாட்டா? பந்து கோட்டைத் தாண்டினால் ரெஃப்ரி கையில் அதிருகிற கோல் கோட்டு வாட்ச் மட்டும் போதும், அது ஒரு வினாடியில் சொல்லிவிடும்.

---

கொடிக்காரன் எழுதியது:

அந்த வாட்ச் சொல்லாமல் விட்டதும் உண்டு தம்பி. 2020 ஜூன் 17, வில்லா பார்க். கொரோனாவுக்கு அப்புறம் பிரீமியர் லீக் திரும்பத் தொடங்கிய முதல் மேட்ச், ஆளில்லாத மைதானம். ஷெஃபீல்டு யுனைடெட் ஃப்ரீ கிக்கைப் பிடித்த வில்லா கோல்கீப்பர், பந்தோடு பின்னால் நகர்ந்து கோட்டுக்குள்ளேயே போய்விட்டார். ஷெஃபீல்டு ஆட்கள் ரெஃப்ரியைச் சூழ்ந்துகொள்கிறார்கள், அவர் கையை உயர்த்தி வாட்சைக் காட்டுகிறார், பாருங்கப்பா, அதிரவே இல்லை என்று. ஏழு கேமராவையும் கோல்கீப்பரும் டிஃபெண்டரும் கம்பமும் சேர்ந்து மறைத்துவிட்டதாக, அந்தக் கருவியை நடத்துகிற ஹாக்-ஐ கம்பெனி பின்னால் மன்னிப்புக் கேட்டது. மேட்ச் 0-0. சீசன் முடிவில் வில்லா, அந்த டிராவில் கிடைத்த ஒரு புள்ளியும் சேர்த்து 35 புள்ளியோடு தப்பித்தது, போர்ன்மத் 34 புள்ளியோடு கீழ் லீக்குக்கு இறங்கியது. போர்ன்மத் ஆதரவாளர் யாராவது இங்கே இருந்தால் மன்னிக்கவும்.

இதில் என்னை உறுத்துவது இயந்திரம் தவறியது இல்லை. அன்றைக்கு வி.ஏ.ஆரும் இருந்தது, டிவியில் எல்லாரும் பார்த்தோம். வாட்ச் அமைதியாக இருந்ததால் யாரும் வாயைத் திறக்கவில்லை. டியாஸ் விஷயத்திலும் அதேதான். கண்ணுக்குத் தெரிந்தது, வாய் சொல்லவில்லை. பதினோரு வருடத்தில் நான் கற்றதும் இதுதான். என் தப்புகளில் முக்கால்வாசி ரெஃப்ரியிடம் நான் அரைகுறையாகச் சொன்னதால் வந்தவை. கொடியைத் தூக்குவேன், அவர் ஃபவுல் என்று நினைப்பார், நான் சொன்னது பந்து வெளியே போனதை.

---

மஞ்சள்_மலையாளக்கரை எழுதியது:

அண்ணே, பேச்சு என்றால் எங்கள் கதைதான் உச்சம். நான் நாகர்கோவில்தான், ஆனால் கேரளா பிளாஸ்டர்ஸ் ரத்தம். 2023 மார்ச் 3, பெங்களூரில் ஐ.எஸ்.எல் (இந்தியக் கால்பந்து லீக்) நாக்-அவுட், கூடுதல் நேரத்தில் ஃப்ரீ கிக். எங்கள் ஆட்கள் சுவர் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், கோல்கீப்பர் கம்பத்தோரம் நின்று ஆட்களை நகர்த்திக்கொண்டிருக்கிறார், பெங்களூரு அணியின் சேத்ரி சத்தமில்லாமல் பந்தை உள்ளே போட்டுவிட்டார். கோல். விசில் அடிக்கவே இல்லை! கோச் வுகோமனோவிச் அணியையே வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் கிளப்புக்கு 4 கோடி அபராதம், கோச்சுக்குப் பத்து மேட்ச் தடை. வி.ஏ.ஆர் இருந்திருந்தால் அந்தக் கோல் நிற்குமா? இந்தியாவில் முதலில் அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

---

கொடிக்காரன் எழுதியது:

கோபப்படாமல் கேள். இருந்திருந்தாலும் நின்றிருக்கும். ஃப்ரீ கிக்கை விசில் இல்லாமல் வேகமாக எடுக்க விதியில் இடம் உண்டு. ரெஃப்ரி சுவரைத் தள்ளி நிறுத்தும் வேலையில் இறங்கிவிட்டால்தான் விசிலுக்குக் காத்திருக்க வேண்டும், அதற்கு அவர் விசிலைத் தூக்கிக் காட்டிச் சொல்வார். அங்கே சண்டை எல்லாம், ரெஃப்ரி காத்திருக்கச் சொன்னாரா இல்லையா என்பதுதான். உங்கள் ஆட்கள் ஒன்று நினைத்தார்கள், அவர்கள் ஒன்று நினைத்தார்கள். நூறு கேமரா வைத்தாலும் ஒருவர் மனதில் நினைத்ததைப் படம் பிடிக்க முடியாது. விசிலை உயர்த்தி, இரண்டு பக்கமும் பார்க்கிற மாதிரி ஒரு தடவை தட்டிக் காட்டியிருந்தால் 4 கோடி மிச்சம்.

அதனால் என் பட்டியலில் முதல் இடம் பேச்சுக்குத்தான். டியாஸ் கோலுக்கு அப்புறம் இங்கிலாந்தில் முதலில் திருத்தியதும் அதைத்தான், வி.ஏ.ஆர் ஆள் முடிவை ரெஃப்ரியிடம் தெளிவாக உறுதிப்படுத்திய பிறகுதான் செக் முடிந்ததாகக் கணக்கு. இதற்கு ஒரு பைசா செலவு இல்லை. அடுத்தது, ரெஃப்ரி மைக்கில் மைதானத்துக்கே காரணம் சொல்வது. 2023 பெண்கள் உலகக் கோப்பையில் செய்தார்கள், 2025 ஜனவரியில் இங்கிலாந்து லீக் கப் அரையிறுதியிலும் செய்தார்கள். ரக்பியில் ரெஃப்ரி பேசுவது முழுக்க நேரடியாகவே டிவியில் கேட்கும், அவர்கள் ஒன்றும் செத்துப்போகவில்லை. கால்பந்தில் மட்டும் ஆடியோவைப் பல நாள் கழித்து, சீவிச் சிங்காரித்து நிகழ்ச்சியாகப் போடுகிறார்கள்.

---

மெர்சிசைடு_மணி எழுதியது:

அண்ணே, நேரடியாகக் கேட்கும்படி வைத்தால் ரெஃப்ரிக்கு இன்னும் பயம் வராதா? இப்போதே ஒவ்வொரு தீர்ப்புக்கும் அவன் வீட்டு விலாசம் வரை தேடுகிறார்கள். நானே அன்றைக்கு எழுதிய ட்வீட்டை மறுநாள் அழித்தேன்.

---

கொடிக்காரன் எழுதியது:

வரும். முதல் வருடம் திணறுவார்கள். ஆனால் "எனக்குத் தெரியவில்லை, நீ பார்த்தாயா?" என்று ஒரு ரெஃப்ரி கேட்பதை நீங்கள் காதால் கேட்டால், விலை போய்விட்டான் என்று எழுத உங்களுக்கே கை வராது. இப்போது திரை காலியாக இருக்கிறது, அதில் அவரவர் சந்தேகத்தை ஓட்டிக்கொள்கிறோம். யூரோ 2024இல் கேப்டன் மட்டும்தான் ரெஃப்ரியிடம் போய்க் கேட்கலாம், அவருக்கு விளக்கம் கிடைக்கும் என்று வைத்தார்களே, ஆட்டம் எவ்வளவு அடங்கியது பார்த்தீர்களா? ஐந்து பேர் சூழ்ந்து கத்தும்போது எவனாலும் ஒழுங்காகப் பேச முடியாது. ஊர் மேட்சில் இருபது பேர் சூழ்வார்கள், அதில் பத்து பேர் ஆட்டக்காரரே கிடையாது.

---

டீப்_பாயிண்ட் எழுதியது:

அண்ணே, ஒரே ஒரு கேள்வி. அந்த மேளம் அடித்த ஃபைனலில் என்ன ஆயிற்று?

---

கொடிக்காரன் எழுதியது:

கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு கோல். சத்தம் கேட்கவில்லை, தலையைத் திருப்பினேன், திரும்பிப் பார்த்தபோது அவன் ஒரு எட்டு முன்னால் இருந்தான், கொடியைத் தூக்கிவிட்டேன். கோல் இல்லை, பெனால்டி ஷூட் அவுட்டில் அவர்கள் தோற்றார்கள். சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, வீடியோவும் கிடையாது. கோல் போட்டவன் என் மச்சான். கல்யாணம், காதுகுத்து, எங்கே பார்த்தாலும் சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்துகொண்டு அதையேதான் கேட்பான்.