சிறுமலை ஏத்தத்துக்கு ஸ்ப்ராக்கெட் மாத்தலாமா?

கேள்வி: 100 சிசி பைக். ரெண்டு பேர் உட்கார்ந்து சிறுமலை கொண்டை ஊசி வளைவுல ஏறினா ரெண்டாவது கியர் திணறுது, முதல் கியர் அலறுது. ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடுற பல்சக்கரம்) முன்னாடி 14 பல், பின்னாடி 42. மாத்தினா பவர் கூடுமாண்ணே?

பதில் 1: பவர் கூடாது தம்பி, இழுவைதான் கூடும். 42-ஐ 14-ஆல வகுத்தா 3, அதான் பல் விகிதம். முன்னாடி 13 போட்டா 3.23. எல்லா கியர்லயும் சக்கரத்துக்குப் போற டார்க் (சுழற்றுற விசை) 7.7 சதவீதம் கூடும், அதே ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு இன்ஜின் சுத்துற எண்ணிக்கை) வேகம் 7 சதவீதம் குறையும். ரிங் ரோட்டுல 60-ல போறப்பவே இன்ஜின் கத்தும்.

பதில் 2: 13 பல்லுல செயின் இறுக்கமா மடங்கி சீக்கிரம் தேயும். பின்னாடி 44 நல்லது: விகிதம் 3.14, இழுவை ஏறக்குறைய 5 சதவீதம் கூடும். அதே செயின்னா பின் சக்கர அச்சு 6 மிமீ போல முன்னால வரணும், செயின் அட்ஜஸ்டர்ல இடம் இருக்கான்னு பாருங்க. பழைய செயினோட புதுப் பல் சேராது, செட்டாவே மாத்துங்க.

பதில் 3: முதல்ல கிளட்ச் நழுவுதா, பிரேக் உரசுதான்னு பாருங்க. முதல் கியர் அலறுறது கோளாறே இல்ல. 5000 ஆர்பிஎம்ல டார்க் 8 நியூட்டன் மீட்டர்னா 5.6 ஹார்ஸ்பவர், 7000-ல டார்க் 7.5-க்கு இறங்கினாலும் 7.4. ஏத்தத்துல அந்த 7.4 தான் வேணும், அலறட்டும்.